வாடகைக்குச் சூடு

அம்பத்தூர் எஸ்டேட்டில்
சூடு வாடகைக்குத் தருகிறோம் என்றால்
ஆட்டோக்காரருக்குச் சிரிப்பு.
"இந்த ஊர்லயா சார்? மே மாசம் வாங்க,
நான் சும்மாவே தரேன்."

டிசம்பரில்தான் போன் அடிக்கும்.
வியாசர்பாடி, மெஹருன்னிசாவின் நோட்டுப் பட்டறை.
தண்ணீர் வடிந்து பன்னிரண்டு நாள்,
சுவரில் இன்னும் இடுப்பளவு ஈரம்.
புதுப் பூச்சு விரல் வைத்தால் குழிகிறது.
ஜனவரிக்குள் எட்டாயிரம் நாலுகோடு நோட்டு
இல்லையென்றால் பள்ளிக்கூடம் வேறு ஆளைப் பார்க்கும்.

டாட்டா ஏஸிலிருந்து இறக்கினேன்.
சின்னப் பீரங்கி மாதிரி இருக்கும் ஹீட்டர்:
ஒரு முனையில் விசிறி, மறுமுனையில் வாய்.
நீல சிலிண்டர் வெளியே, ஜன்னல் கம்பியோடு சங்கிலியில்.
டெல்லிபாபு அதைப் படுக்கவைக்கப் பார்த்தான்.
"விழாம இருக்கும்ணா."
படுத்தால் குழாயில் கேஸ் வராது, திரவமே வரும்;
அப்புறம் தீ நாக்கை நீட்டும்.
நிமிர்த்தினான்.

ஒரு ரூபாய் ஷாம்பூவை டீ கிளாஸில் கரைத்து
இணைப்பு இணைப்பாகப் பூசினேன்.
ரெகுலேட்டர் கழுத்தில் ஒரு குமிழி,
முதலில் கடுகு, பிறகு பட்டாணி.
தீக்குச்சி காட்டிக் கசிவு தேடிய
என் பழைய முதலாளிக்குப்
புருவம் திரும்ப முளைக்கவே இல்லை.
வாஷரை மாற்றினேன். மறுபடி பூசினேன்.
இப்போது வெறும் நுரை.

ஒயரை ஈரத்தில் படாமல் தூக்கிக் கட்டியாயிற்று.
விசிறி முதலில், அப்புறம் கேஸ், அப்புறம் பொறி.
பொத்தானை அழுத்தியபடி இருபது எண்ண வேண்டும்.
பதினெட்டில் கையை எடுத்துவிட்டு
மெஷினைத் திட்டுபவர்களே அதிகம்.
ஹோவென்று இரைந்தது.

மெஹருன்னிசா ஷட்டரை இழுத்தார்.
"காசு குடுத்து வாங்குன சூடு ரோட்டுக்கா போகணும்?"
பாதி திறந்தே இருக்கணும்மா, பின்பக்க ஜன்னலும்.
"ஏதாச்சும்னா நாத்தம் வருமே?"
கசிகிற கேஸுக்கு நாற்றம் கலந்துதான் விற்கிறார்கள்.
காற்றுப் போதாமல் அரைகுறையாய் எரிந்தால் பிறக்கிறதே,
அதில் யாரும் எதையும் கலக்கவில்லை.
தலைவலியாக வரும், பிறகு தூக்கமாக.
சுகமான தூக்கம் என்கிறார்கள்.
தூங்கியவர்கள் சொன்னதில்லை.

அவர் கை ஷட்டரை விடவில்லை.
எரிகிற கேஸும் தண்ணீர் விடும்மா,
மூடினால் அது சுவருக்கே திரும்பப் போகும் என்றேன்.
இது புரிந்தது. ஷட்டர் மேலே போயிற்று.

காகிதக் கட்டுகளை வாய்க்கு எதிரிலிருந்து தள்ளினோம்.
கடைசி அடுக்குக்குப் பின்னால்
சுருட்டிய பாய். கொசுவலை.
ஒரு ஸ்கூல் பை, அதில் மோனிஷா, ஒன்றாம் வகுப்பு.
டெல்லிபாபு என்னைப் பார்க்கவில்லை.
"வீட்ல இன்னும் சேறுண்ணா.
நைட்டு மட்டுந்தான். அக்காவுக்குத் தெரியாது."
"தெரியும்,"
அட்டைகளை எண்ணியபடியே, திரும்பாமல், அக்கா.

ராவும் பகலுமாக மூன்று நாள் என்பது ஒப்பந்தம்.
பகலில் மட்டும் என்றால் ஆறு. வாடகையும் ஏறும்.
அவர் உதடு கணக்குப் போட்டது,
எட்டாயிரம் நோட்டு, ஜனவரி, பாய், கொசுவலை.
"பகல்லயே ஓட்டு."

ஆறு மணிக்குச் சிலிண்டர் வால்வை மூடினேன்.
குழாயில் மிச்சமிருந்தது எரிந்து தீர்ந்தது.
விசிறி மட்டும் ஓட, வாய் மெல்ல ஆறியது.
பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்த பெண் குழந்தை
கடைசி வெதுவெதுப்பில் கை நீட்டி
"இதுல அப்பளம் சுடலாமா?" என்றாள்.
இருமினாள்.

ரெகுலேட்டரைக் கழற்றிப் பையில் போட்டேன்.
"நம்பிக்கை இல்லியாண்ணா?"
பிள்ளைக்குச் சளி, ராத்திரி குளிர்,
கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொத்தான்.
நானாக இருந்தால் அழுத்தியிருப்பேன், பாபு.

மூலக்கடை சிக்னலில் அரைமணி நேரம் வண்டி நின்றது.
மடியில் அந்தப் பித்தளைத் துண்டு,
இன்னும் ஷாம்பூ வாசனையோடு.